கடமைநேர அதிகாரி: ஓர் இரவுக்கான பொறுப்பு

(பிரித்தானியாவில் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமாக நடைபெற்ற தொழில் வழிகாட்டல் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தொழில் வழிகாட்டல் என்றவுடன் எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம், எவ்வளவு சம்பளம் என்ற மூன்று கேள்விகளே எம்மவரிடையே முதலில் எழுகின்றன. அவை தேவையான கேள்விகள்தாம். அவற்றுக்கு விடை கூற எனக்குப் பின்னர் பேசவிருப்பவர்கள் தகுதியானவர்கள். நான் பேச விரும்புவது வேலை கிடைத்த பின்னர் நிகழும் ஒன்றைப் பற்றி. முதலாம் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ ஒரு நாள், உங்கள் மகனிடமோ மகளிடமோ ஓர் இரவு முழுவதற்குமான பொறுப்பு ஒப்படைக்கப்படும். மருத்துவராயினும், தாதியாயினும், கணினிப் பொறியியலாளராயினும், பொலிஸ் சேவையில் இணைந்தவராயினும் இதற்கு விதிவிலக்கில்லை. பட்டப்படிப்பில் இந்த இரவுக்கென ஒரு பாடமும் இல்லை. நானும் பொறியியல் படித்தவன். நான்கு ஆண்டுகளில் ஒரு விரிவுரையேனும் இதுபற்றி நான் கேட்டதில்லை.

ஆங்கிலத்தில் "டியூட்டி ஒபிசர்" என்கிறார்கள். நாம் கடமைநேர அதிகாரி என்போம். பெயரில் அதிகாரி என்று இருப்பதனால் பெரிய பதவி என எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலும் அந்த இடத்தில் அந்நேரம் இருப்பவர்களுள் இளையவரே அவர். பெரியவர்கள் வீட்டில் உறங்குகிறார்கள். நிறுவனத்தின் அதிகாரத்தில் ஒரு பகுதியை, எட்டு மணி நேரத்துக்கோ பன்னிரண்டு மணி நேரத்துக்கோ கடனாகப் பெற்றவர் என்று அவரைக் கூறலாம். கடன் வாங்கிய அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தத் தயங்கியமையால் நேர்ந்த இழப்புகளே வரலாற்றில் மிகுதி.

முதலில் உறங்குபவரை எழுப்புவது பற்றிக் கூறுகிறேன். 1912 ஏப்பிரல் 14ஆம் நாள் இரவு ரைற்றானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது எல்லோருக்கும் தெரியும். அதே கடற்பரப்பில் "கலிபோர்னியன்" என்ற மற்றொரு கப்பல், பனித்திரளில் மேலும் செல்வது ஆபத்து எனக் கருதித் தரித்து நின்றது. அக்கப்பலில் இருந்த ஒரேயொரு கம்பியில்லாத் தந்தியாளர், காலையிலிருந்து பணியாற்றிய களைப்பில், மோதலுக்குச் சில நிமிடங்களுக்கு முன்னர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். நள்ளிரவுக்குப் பின்னர் மேல்தளத்தில் கடமையிலிருந்த இரண்டாம் அதிகாரி ஹேர்பேர்ட் ஸ்ரோன், தொலைவில் வெள்ளை வாணங்கள் மேலெழுவதைக் கண்டார். பேச்சுக்குழாய் வழியாகக் கப்பல் தலைவருக்கு அறிவித்தார். விளக்குச் சைகையால் தொடர்புகொள்ளுமாறு தலைவர் கூறினார். பதில் வரவில்லை. வாணங்கள் தொடர்ந்தன. ஆயினும் தலைவர் மேல்தளத்துக்கு வரவில்லை. தந்தியாளரின் கதவைத் தட்டிக் கருவியை இயக்குமாறு விடியும்வரை எவரும் கேட்கவுமில்லை. ஏறத்தாழ 1,500 பேர் அவ்விரவில் இறந்தனர். கலிபோர்னியன் எவ்வளவு தொலைவில் நின்றது, சென்றிருந்தால் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கலாம் என்பன இன்றும் விவாதிக்கப்படுகின்றன. ஆனால் ஒரு கதவைத் தட்டியிருக்கலாம் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. 1914இல் உருவான கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான முதலாவது அனைத்துலக உடன்படிக்கை, தந்திக் கருவியருகே இரவு பகலாகக் காவல் இருப்பதை வலியுறுத்தியமைக்கு இந்நிகழ்வே பின்னணி.

இதனை நான் இங்கு கூறுவதற்கு ஒரு காரணம் உண்டு. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே, உறங்குபவரை எழுப்பாதே, கேட்டால் மட்டும் சொல் என்று நாம் எம் பிள்ளைகளை வளர்க்கிறோம். வீட்டுக்கு அது அழகு. அதே பிள்ளை அதிகாலை மூன்று மணிக்கு வைத்தியசாலையில் நின்று, மூத்த மருத்துவரை அழைப்பதா விடுவதா எனத் தயங்கும்போது அந்த வளர்ப்பு அங்கே குறுக்கே நிற்கிறது. இன்றைய கப்பற்றுறை இதனைப் பணிவுக்கோ துணிவுக்கோ விட்டுவைக்கவில்லை. எஸ்ரீசீடபிள்யூ என அழைக்கப்படும் கடலோடிகளின் பயிற்சிக்கான அனைத்துலக விதிகள், எந்தெந்த நிலைமைகளில் கப்பல் தலைவரை உடனே எழுப்பவேண்டும் எனப் பட்டியலிடுகின்றன. ஐயம் எழுந்தாலே போதும், அழை என்றும் கூறுகின்றன. இன்னுமொரு நுட்பமான விதியும் உண்டு. தலைவர் மேல்தளத்துக்கு வந்து பக்கத்தில் நின்றாலும், "பொறுப்பை நான் ஏற்கிறேன்" என்று அவர் வெளிப்படையாகக் கூறும்வரை பொறுப்பு கடமைநேர அதிகாரியிடமே இருக்கும். பெரியவர் வந்துவிட்டார், இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று ஒதுங்கி நிற்க இயலாது.

மருத்துவத்துறையில் இதற்கென ஒரு முறை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றி மருத்துவமனைகளுக்கு வந்தது. நிலைமை என்ன, பின்னணி என்ன, என் மதிப்பீடு என்ன, நான் வேண்டுவது என்ன என்ற நான்கையும் அதே வரிசையில் சொல்லவேண்டும். "மன்னிக்கவேண்டும் ஐயா, இந்நேரத்தில் தொல்லை தருவதற்கு" என்று தொடங்கி அரை நிமிடத்தை வீணாக்க வேண்டாம். "எட்டாம் கட்டிலில் உள்ள நோயாளியின் இரத்த அழுத்தம் குறைந்துகொண்டே வருகிறது, நேற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது, உள்ளே குருதி கசிவதாக எண்ணுகிறேன், நீங்கள் இப்போது வரவேண்டும்." இவ்வளவே. நான்காவது வாக்கியத்தில்தான் எம் பிள்ளைகள் பின்வாங்குகிறார்கள். வரவேண்டும் என்று மூத்தவரிடம் கேட்பது மரியாதைக் குறைவென அவர்களுக்குத் தோன்றுகிறது. இதனை வீட்டிலேயே உரக்கச் சொல்லிப் பழகலாம். நான் விளையாட்டுக்குக் கூறவில்லை.

அடுத்து, பொறுப்பை ஒப்படைப்பது. 1988 யூலை 6ஆம் நாள் வடகடலில் "பைப்பர் அல்பா" என்ற எண்ணெய்த் தளம் வெடித்து எரிந்தது. 167 பேர் இறந்தனர். காரணத்தைத் தேடிச் சென்றால், மாலையில் பணி மாறும் வேளையில் சொல்லப்படாமற் போன ஒரு செய்தியில் சென்று நிற்கிறோம். தளத்தில் இரண்டு பம்பிகள் இருந்தன. ஒன்றின் பாதுகாப்பு வால்வை அன்று பகலில் பராமரிப்புக்காகக் கழற்றினார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. திறந்திருந்த வாயில் ஒரு மூடித்தகட்டைப் பொருத்திவிட்டு, வேலை அனுமதிப் பத்திரத்தைக் கட்டுப்பாட்டு அறையில் வைத்துவிட்டுப் பகற்பணியாளர் சென்றார்கள். இரவுப்பணியாளருக்கு எவரும் வாயால் சொல்லவில்லை. இரவு பத்து மணியை நெருங்கும்போது மற்றைய பம்பி நின்றுவிட்டது. மின்சாரம் தடைப்படக்கூடிய நிலை. கடமையில் இருந்தவர்கள் முதலாவது பம்பியின் பத்திரங்களைத் தேடினார்கள். பம்பிக்கான பத்திரம் கிடைத்தது; வால்வுக்கான பத்திரம் அவர்கள் கண்ணில் படவில்லை. பம்பியை இயக்கினார்கள். மூடித்தகட்டின் வழியே எரிபொருள் கசிந்தது. அடுத்த சில நிமிடங்களில் முதலாவது வெடிப்பு நிகழ்ந்தது.

அந்த இரவுப்பணியாளர்களைக் குறைகூற என்னால் இயலவில்லை. கையிலிருந்த தகவலின்படி அவர்கள் செய்தது சரியே. தாளில் எழுதி வைத்தால் சொல்லிவிட்டதாகப் பொருள் என்ற எண்ணம்தான் அவர்களைக் கொன்றது. தாள் வேறு, சொல்வது வேறு. பொறுப்பேற்பவரின் முகத்தைப் பார்த்து, இன்னது முடியவில்லை, இன்னதைத் தொடாதே என்று கூறி, அவர் அதனைத் திருப்பிச் சொல்லக் கேட்டபின்னரே ஒப்படைப்பு நிறைவுறுகிறது. வருபவர் பொறுப்பேற்கும் நிலையில் இல்லை, அதாவது நோயுற்றோ குடித்தோ உறக்கமின்றியோ இருக்கிறார் என்று தோன்றினால் ஒப்படைக்கவே கூடாது என்பதும் கப்பற்றுறை விதிகளில் உண்டு. நண்பனைக் காட்டிக்கொடுப்பதா என்று தயங்குபவர்கள் இதனைக் கவனிக்கவேண்டும்.

பைப்பர் அல்பாவின் கதை இத்துடன் முடியவில்லை. அத்தளத்துடன் குழாய்களால் இணைக்கப்பட்ட "கிளேமோர்", "ரார்ட்டன்" என்ற அயற்றளங்கள், பைப்பரில் தீ எரிவது தெரிந்த பின்னரும் உற்பத்தியை உடனே நிறுத்தவில்லை. கிளேமோர் தளத்தில், கரையிலிருந்த மேலாளருடன் பேச முயல்வதில் நேரம் கழிந்தது. நிறுத்தினால் பெருந்தொகை நட்டம். அதற்கான முடிவைத் தனியே எடுக்க மனம் துணியவில்லை. குல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை 1990இல் 106 பரிந்துரைகளுடன் வெளிவந்தது. வடகடலின் பாதுகாப்பு நடைமுறைகள் அதன் பின்னர் பெரிதும் மாறின. ஆகவே இளையோர்களே, பொறுப்பேற்கும் முன்னர் உங்கள் மேலாளரிடம் ஒரு கேள்வியைத் தவறாமற் கேளுங்கள்: "எவரையும் கேளாமல் நானாகவே எதனை நிறுத்தலாம்?" விடையை எழுத்தில் பெறுங்கள். விடை தெளிவில்லையெனில் உங்களுக்குத் தரப்பட்டிருப்பது வெறும் தொலைபேசி மட்டுமே.

தொலைபேசி என்றதும் எமக்கு மறக்கவொண்ணாத ஒரு நாள் நினைவுக்கு வருகிறது. 2004 டிசெம்பர் 26. சுமாத்திராவுக்கு அப்பால் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, ஹவாயிலிருந்த பசுபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையத்தில் அது நத்தார் தினப் பிற்பகல். கடமையிலிருந்த அறிவியலாளர்கள் கவனக்குறைவாக இருக்கவில்லை. நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழப் பதினைந்து நிமிடங்களில் முதல் அறிவித்தலை வெளியிட்டார்கள். முதற்கணிப்பில் அதன் அளவு 8.0 எனக் காணப்பட்டது. ஒரு மணி நேரத்துக்குப் பின்னர் 8.5 எனத் திருத்தினார்கள். உண்மையில் அது 9ஐத் தாண்டியது. ஆனால் அவர்களது பட்டியலில் இருந்தவை பசுபிக் நாடுகளின் முகவரிகள். இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பொன்று அன்று இருக்கவில்லை. கொழும்பில் யாரை அழைப்பது, சென்னையில் யாரை அழைப்பது என்பதற்கான பெயர்களும் எண்களும் அவர்களிடம் இல்லை. அலை எமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் என்ன நடந்தது என்பதை இந்த அவைக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2007 ஒக்ரோபர் முதல் ஐதராபாத்தில் ஓர் எச்சரிக்கை நிலையம் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கு முன்கூட்டியே குறிக்கப்பட்ட தொடர்பு நிலையங்கள் உள்ளன.

என் துறையில் இவ்வளவு பெரிய விலை கொடுக்க நேர்வதில்லை. ஆயினும் நோய் அதேதான். சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், நள்ளிரவில் பணப்பரிமாற்றக் கணினியின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. அன்று கடமையிலிருந்தவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத இளைஞர். பத்து நிமிடங்களுக்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். புதிய சான்றிதழை நிறுவும் அனுமதி அவருக்கில்லை. கையேட்டில் இருந்த எண்ணை அழைத்தார். அந்த நபர் வேலையை விட்டுச் சென்று நெடுங்காலம் ஆகியிருந்தது. இரண்டாவது எண், பகலில் மட்டும் ஆளிருக்கும் ஒரு மேசைக்குரியது. சரியான ஒருவரைப் பிடிக்க இரண்டு மணி நேரம் சென்றது. காலையில் கூட்டத்தில், ஏன் இவ்வளவு தாமதம் என்று அவரையே கேட்டார்கள். அவர் அமைதியாகத் தம் குறிப்பேட்டைத் திறந்து, இத்தனை மணிக்கு இந்த எண்ணை அழைத்தேன், இன்ன பதில் வந்தது என வரிவரியாக வாசித்தார். அதன் பின்னர் கேள்விகள் வேறு பக்கம் திரும்பின.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கல்ல. 2025 மார்ச் மாதம் மின்நிலையத் தீயினால் ஹீத்ரோ விமான நிலையம் ஒரு நாள் முடங்கியபோது, அதன் தலைமை நிர்வாகியின் தொலைபேசி ஒலி நிறுத்தப்பட்டிருந்தமையால் அவரை இரவில் எழுப்ப முடியவில்லை எனப் பின்னர் விசாரணையில் தெரியவந்தது. ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் அந்நேரம் கடமையிலிருந்த மற்றொரு மேலதிகாரியிடம் இருந்தது, அவர் மூடினார். அமைப்பு சரியாக இருந்தால் ஒருவர் உறங்கினாலும் வேலை நடக்கும் என்பதற்கு இதனை நான் நல்ல எடுத்துக்காட்டாகவே கொள்கிறேன்.

அந்த இளைஞரின் குறிப்பேட்டுக்கு வருவோம். எழுதுவதற்கும் ஓர் எல்லை உண்டு. 1983 செப்ரெம்பர் 26 அதிகாலையில் சோவியத் ஒன்றியத்தின் ஏவுகணை எச்சரிக்கை நிலையத்தில் கடமையிலிருந்த ஸ்ரானிஸ்லாவ் பெற்றோவ், அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவியதாகக் கணினி காட்டியதை நம்ப மறுத்து, கருவிக் கோளாறு என மேலிடத்துக்கு அறிவித்தார். போரைத் தொடங்குபவர் ஐந்துடன் தொடங்கமாட்டார் என்பது அவரது தர்க்கம். முகில்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியே காரணமெனப் பின்னர் தெரிந்தது. அவரைப் பாராட்ட வேண்டியவர்கள், அவ்வேளையில் பதிவேட்டை நிரப்பவில்லை என்று கண்டித்தார்கள். ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் ஒலிவாங்கி இருந்தபோது எழுதுவதற்கு மூன்றாவது கை இருக்கவில்லை என்ற பொருள்பட அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். ஆகவே நெருக்கடி ஏற்படும்போது எழுதுவதற்கென்றே ஒருவரை நியமிப்பது இன்று பல துறைகளில் வழக்கமாகிவிட்டது.

இதுவரை எம் பிள்ளைகள் கடமையில் இருப்பது பற்றிப் பேசினேன். எம் பிள்ளை மேசையின் மறுபுறத்தில் நிற்க நேர்ந்தால்? பெற்றோர்கள் இதனைச் சற்றுக் கவனமாகக் கேட்கவேண்டும். நான் சட்டத்தரணி அல்லன். இங்கிலாந்திலும் வேல்சிலும் பொலிஸ் நிலையத்தில் எவருக்கும் உரியவற்றை மட்டும் கூறுகிறேன். பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதுகளுக்கும் ஸ்கொட்லாந்துக்கும் விதிகள் வேறு.

1984ஆம் ஆண்டின் பொலிஸ், குற்றவியல் சான்றுச் சட்டத்தின்படி, கைதாகி வருபவரைப் பொறுப்பேற்பவர் தடுப்புக்காவல் அதிகாரி. அவர் சார்ஜன்ட் தரத்துக்குக் குறையாதவராக இருக்கவேண்டும். அந்த வழக்கின் விசாரணையில் ஈடுபட்டவராக இருக்கக்கூடாது. பிடித்தவர் வேறு, காப்பவர் வேறு என்பதே அதன் உட்பொருள். அவர் ஒரு பதிவேட்டைத் திறந்து, எப்போது வந்தார், எப்போது உணவு தரப்பட்டது, எப்போது சட்டத்தரணி கேட்கப்பட்டார் என அனைத்தையும் நேரத்துடன் எழுதவேண்டும். முதல் ஆறு மணி நேரத்துக்குள்ளும், பின்னர் ஒன்பது மணி நேரத்துக்கு ஒருமுறையும் விசாரணையுடன் தொடர்பற்ற ஓர் இன்ஸ்பெக்டர் இத்தடுப்பு தேவைதானா என மீளாய்வு செய்யவேண்டும். மேலதிக அனுமதியின்றிக் குற்றஞ்சாட்டாமல் தடுத்து வைப்பதற்குப் பொதுவான எல்லை 24 மணி நேரம். விடுதலையான பின்னர் பன்னிரண்டு மாதங்களுக்குள் அந்தப் பதிவேட்டின் பிரதியைக் கேட்டுப் பெறலாம். எம்மவர் அதனைக் கேட்பதேயில்லை.

அதே இரவில் கடமையிலிருக்கும் மற்றொருவர் கடமைநேரச் சட்டத்தரணி. இலவசமாக வருபவர் பொலிசின் ஆள்தான் என்ற எண்ணம் எம் சமூகத்தில் பரவலாக இருக்கிறது. அது தவறு. அவர் பொலிசைச் சாராதவர். பொலிஸ் நிலையத்தில் அவரது ஆலோசனைக்கு, நீங்கள் எவ்வளவு சம்பாதித்தாலும் கட்டணமில்லை. சட்டத்தரணியைக் கேட்டால் குற்றவாளி என நினைப்பார்கள் என்று அஞ்சி, "வேண்டாம், என் மகன் உண்மையைச் சொல்லட்டும்" என்று கூறும் தந்தையர் இருக்கிறார்கள். முதலில் வேண்டாம் எனக் கூறியவரும் பின்னர் எந்நேரமும் மனத்தை மாற்றிக் கேட்கலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரெனில் தகுந்த வயதுவந்தவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். அது பெற்றோராகவும் இருக்கலாம். ஆங்கிலம் விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பாளர் கட்டணமின்றித் தரப்படுவார். தயவுசெய்து வீட்டிலுள்ள பிள்ளையை அங்கே மொழிபெயர்க்க அனுப்பாதீர்கள். வங்கியிலும் மருத்துவரிடமும் எமக்காகப் பேசிப்பேசி அந்தப் பிள்ளைகள் ஏற்கனவே பத்து வயதிலிருந்து கடமையில் இருக்கிறார்கள்.

நேரம் நெருங்கிவிட்டதால் களைப்பைப் பற்றி மட்டும் சொல்லி அமைகிறேன். கடலோடிகளுக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டுமென்பது விதி. இங்கிலாந்தில் பயிற்சி மருத்துவர்களின் பணி ஒரு முறையில் 13 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என 2016ஆம் ஆண்டு ஒப்பந்தம் கூறுகிறது. இரவுப்பணியின் பின்னர் வாகனம் ஓட்ட இயலாத களைப்பெனில், உறங்க இடம் கேட்கும் வழியும் அதில் உண்டு. பிள்ளைகள் கேட்க வெட்கப்படுகிறார்கள், கேட்கச் சொல்லுங்கள். இரவு முழுவதும் கண்விழித்து வந்த மகளை, உறவினர் வீட்டுப் பூப்புனித நீராட்டு விழாவுக்குக் காலை பத்து மணிக்குச் சேலையுடுத்தி அழைத்துச் செல்வதும், "பகலில் என்ன தூக்கம்" என்று கதவைத் தட்டுவதும் எம் வீடுகளில் நடக்கின்றன. அன்று மாலை அவள் மீண்டும் கடமைக்குச் செல்லவேண்டியவள். அவளது பணி அட்டவணையைக் கேட்டு வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். விருந்தினரிடம் பதில் சொல்லும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

 கேள்விகளுக்குப் பதினைந்து நிமிடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன; இளையோர் முதலில் கேட்கட்டும்.